மலேசியா, சிங்கப்பூர் பயணம்: லேப்டாப்பில் வாடிக்கையாளர் கணக்குகள். எதை எடுத்துப்போவது, எதை வீட்டில் வைப்பது?

ஆத்தங்குடிக்கல் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். காரைக்குடியில் வீட்டிலிருந்தபடியே வரிக் கணக்கு பார்க்கிறேன். மளிகைக் கடைகள், இரண்டு ரைஸ் மில், ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று முப்பது சொச்சம் வாடிக்கையாளர்கள். அடுத்த மாதம் 17ஆம் தேதி திருச்சியிலிருந்து கோலாலம்பூர் போகிறேன். தம்பி வீட்டில் பத்து நாள், அப்புறம் சிங்கப்பூரில் நான்கு நாள். வெளிநாடு போவது இதுதான் முதல் தடவை.

பிரச்சினை என்னவென்றால் ஜிஎஸ்டி 3பி (மாதாந்திர வரி ரிட்டர்ன்) தாக்கல் 20ஆம் தேதி. லேப்டாப் இல்லாமல் போக முடியாது. அதில் எல்லோருடைய டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) கணக்கும் இருக்கிறது. பான், ஆதார் நகல்கள், வங்கி ஸ்டேட்மென்ட்கள், போர்ட்டல் பாஸ்வேர்டுகள் எல்லாம் ஒரே எக்செல் ஷீட்டில். போதாததற்கு பதினோரு பேருடைய டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் (பென்டிரைவ் மாதிரி இருக்கும்) ஒரு சுருக்குப்பையில் என்னிடம்தான் இருக்கின்றன. லேப்டாப் தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். என்னை நம்பி ஒப்படைத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

சிராவயல்காளை

அக்கா, நான் ஆறு தடவை சிங்கப்பூர் போய் வந்திருக்கிறேன். ஒரு தடவைகூட எதுவும் ஆனதில்லை. லேப்டாப்புக்குப் பாஸ்வேர்டு போடுங்கள், பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். ரொம்ப யோசித்தால் பயணமே கசந்துவிடும்.

செக்காலைரோடு

தம்பி சொல்வதில் பாதி சரி. பை மடியில் இருப்பது நல்லது. ஆனால் விண்டோஸ் பாஸ்வேர்டு என்பது முகப்புக் கதவில் கொக்கி போட்ட மாதிரிதான். லேப்டாப்பின் பின்பக்கத் திருகுகளைக் கழற்றி, உள்ளே ஃபைல்கள் இருக்கும் டிஸ்க்கை (எஸ்எஸ்டி) வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் எல்லா ஃபைலும் திறந்து கிடக்கும். பாஸ்வேர்டை யாரும் கேட்கவே மாட்டார்கள். சென்னையில் ஒரு அலுவலகத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன், பழுதான லேப்டாப்புகளிலிருந்து நானே இப்படி ஃபைல் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். பத்து நிமிட வேலை.

அதனால் முதல் வேலை, டிஸ்க்கை என்கிரிப்ட் செய்வது, அதாவது சாவி இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மாற்றுவது. விண்டோஸ் புரோ என்றால் பிட்லாக்கர் இருக்கும். ஹோம் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ இருக்கிறதா பாருங்கள். இப்போது வரும் பல லேப்டாப்புகளில் அது ஏற்கெனவே ஆனில் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு ஃபைல்வால்ட்.

ஆன் செய்ததும் 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று உருவாகும். ஆறு ஆறு இலக்கமாக எட்டு தொகுதி. ஹோமில் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் காகிதத்திலும் எழுதி வீட்டில் வையுங்கள். சில சமயம் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் உள் மென்பொருள்) அப்டேட் ஆனதும் நீலத் திரை வந்து அந்தச் சாவியைக் கேட்கும். கோலாலம்பூரில் 20ஆம் தேதி காலை அந்தத் திரையைப் பார்க்க நேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அப்டேட்டுகளை எல்லாம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இன்னொன்று. மூடியை மட்டும் மூடி ஸ்லீப்பில் போட்டால் டிஸ்க்கின் சாவி மெமரியிலேயே இருக்கும். விமான நிலையம், ஓட்டல், டாக்ஸி, எங்கே போனாலும் ஷட்டவுன் செய்துவிட்டு எடுத்துப்போங்கள்.

அந்த எக்செல் ஷீட்டை இன்றைக்கே விடுங்கள். எல்லாப் பாஸ்வேர்டுகளையும் பூட்டிவைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் ஆப் ஒன்றுக்கு மாறுங்கள்.

ஆத்தங்குடிக்கல்

உடனே பார்த்தேன். ஹோம்தான். டிவைஸ் என்கிரிப்ஷன் ஆஃபில் இருந்தது! மூன்று வருடமாக இப்படியேதான் வைத்திருந்தேனா என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. இப்போது ஆன் செய்துவிட்டேன், ஓடிக்கொண்டிருக்கிறது.

டேலி கணக்கையே பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் டேலிவால்ட் போடலாமா? பாஸ்வேர்டு மறந்தால் கணக்கே போய்விடும் என்கிறார்களே.

செக்காலைரோடு

போடலாம். மறந்தால் டேலி நிறுவனத்தாலும் திறக்க முடியாது என்பது உண்மை. அதனால் அதையும் மீட்புச் சாவி எழுதிய அதே காகிதத்தில் எழுதுங்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி. முப்பது பேர் கணக்கையும் எடுத்துப்போக வேண்டுமா? 20ஆம் தேதிக்கு யாருடைய வேலை பாக்கி இருக்குமோ அவர்களுடைய ஃபோல்டர் மட்டும் போதாதா? மீதியை ஒரு வெளி டிஸ்க்கில் பேக்கப் எடுத்து வீட்டில் பூட்டிவைத்துவிட்டு, லேப்டாப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். பையில் இல்லாததை யாரும் பறிக்க முடியாது.

கண்டாங்கி

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் கோலாலம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பையை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். போனில் சார்ஜ் இறங்கிவிட்டதால் பைக்குள் இருந்த பவர்பேங்கில் சொருகி, போனையும் பைக்குள்ளேயே போட்டேன். ரொட்டி சானாய் வந்தது, சாப்பிட்டேன், கை கழுவிவிட்டு வந்தேன். நாற்காலி இருந்தது. பை இல்லை.

பாஸ்போர்ட் இடுப்புப் பையில் இருந்ததால் தப்பித்தது. லேப்டாப் ஆபீஸ் கொடுத்தது, என்கிரிப்ட் செய்திருந்தார்கள். அதனால் டேட்டா பற்றி இன்றுவரை பயமில்லை. நான் மாட்டிக்கொண்டது வேறு இடத்தில்.

அண்ணன் வீட்டுக்குப் போய் அவர் லேப்டாப்பில் ஜிமெயிலைத் திறக்கப் பார்த்தேன். பாஸ்வேர்டு ஞாபகம் இருந்தது. ‘உங்கள் போனில் ஆம் என்பதைத் தட்டுங்கள்’ என்றது. போன் திருடனிடம். எஸ்எம்எஸ் அனுப்பட்டுமா என்றது. சிம்மும் அந்தப் போனில்தான். லாகின் எண் காட்டும் ஆதென்டிகேட்டர் ஆப்பும் அதில்தான். மெயில் திறக்கவில்லை என்றால் வங்கி இல்லை, விமான டிக்கெட் இல்லை, ஆபீஸ் இல்லை. திருடன் உள்ளே வர முடியாதபடி நன்றாகப் பூட்டியிருந்தேன், ஆனால் நானும் வெளியே நின்றேன்.

போலீஸில் புகார் எழுதும்போது லேப்டாப்பின் சீரியல் நம்பர் கேட்டார்கள். தெரியாது. கண்டனூரில் வீட்டுக்குப் போன் போட்டு, தம்பி பரணில் ஏறி, ஒட்டடைக்குள் கிடந்த அட்டைப்பெட்டியை இறக்கி, அதன் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படமெடுத்து அண்ணன் போனுக்கு அனுப்பினான். அந்த நம்பர் இல்லாமல் இன்ஷூரன்ஸ் பணமே வந்திருக்காது.

அண்ணன் போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு கார்டுகளை முடக்கினேன். டூப்ளிகேட் சிம்முக்கு நான் நேரில் வரவேண்டும் என்றார்கள். ஆறு நாள் மெயில் இல்லாமல் இருந்தேன். ஊருக்கு வந்து புது சிம் வாங்கிய பிறகும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. சிம் மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் விதி அது, நல்ல விதிதான். ஆனால் அந்த ஒரு நாளும் அழுகையாக வந்தது.

ஆத்தங்குடிக்கல், உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன். கூகுள் கணக்கில் ‘பேக்கப் கோடு’ என்று பத்து எண்கள் தருவார்கள், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் பயன்படுத்த முடியும். அதைப் பிரின்ட் எடுத்து ஒரு பிரதி வீட்டில், இரண்டு மூன்று எண்களை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு ஒன்று பாஸ்போர்ட் உறைக்குள். அது எந்தக் கணக்குக்கு என்று சீட்டில் எழுத வேண்டாம். போனும் லேப்டாப்பும் ஒருநாளும் ஒரே பையில் இருக்கக் கூடாது. இந்த இரண்டும் செய்திருந்தால் எனக்கு அந்த ஆறு நாள் இல்லை.

ஆத்தங்குடிக்கல்

படிக்கும்போதே கை நடுங்குகிறது கண்டாங்கி. இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. என் லேப்டாப்பின் சீரியல் நம்பரை இப்போதே எழுதி வைத்துவிட்டேன். வாங்கிய பில்லும் கிடைத்துவிட்டது.

சிம் விஷயம் சொல்லுங்கள். அங்கே போனதும் உள்ளூர் சிம் போட்டுக்கொள் என்கிறான் தம்பி. அப்படியானால் ஓடிபி?

கிட்டங்கி

அம்மா, நான் சிங்கப்பூரில் இருபது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டு தேவகோட்டைக்குத் திரும்பியவன். ஊர் சிம்மைக் கழற்றவே கூடாது. கிளம்புவதற்கு முன் இன்டர்நேஷனல் ரோமிங் ஆன் ஆகியிருக்கிறதா, ரீசார்ஜ் பயண நடுவில் முடிந்துவிடாதா என்று பாருங்கள். அங்கே இறங்கியதும் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்துவிட்டு, இணையத்துக்கு உள்ளூர் இ-சிம்மோ இரண்டாவது சிம்மோ போட்டுக்கொள்ளுங்கள். ஓடிபி ஊர் எண்ணுக்கு வந்து சேரும்.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது ஒன்று உண்டு. மலேசியாவுக்குள் நுழைய எம்டிஏசி என்ற டிஜிட்டல் வருகை அட்டையை நிரப்ப வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து கட்டாயம். சிங்கப்பூருக்கும் தனியாக ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் கட்டணம் கிடையாது, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். ஆனால் கூகுளில் தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் காசு கேட்கும் தனியார் தளங்கள். அரசுத் தளம் மாதிரியே கொடியும் முத்திரையும் போட்டிருப்பார்கள். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, மெயில், கார்டு எண் அத்தனையும் நாமே தட்டிக் கொடுப்போம். முகவரி மலேசியாவுக்கு ஜிஓவி டாட் எம்ஒய் என்றும், சிங்கப்பூருக்கு ஜிஓவி டாட் எஸ்ஜி என்றும் முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். என் அண்ணன் மகள் போன வருடம் இப்படி ஒரு தளத்தில் பணம் கட்டினாள். பணம் போனது போகட்டும், பாஸ்போர்ட் விவரம் யாரிடம் இருக்கிறது என்று இன்றுவரை தெரியாது.

வீட்டில் ஒரு பிரதி வைப்பது நமக்குப் புதிது இல்லை. கொண்டுவிக்கப் (கடல் கடந்து தொழில் செய்ய) போன காலத்தில் பர்மாக் கடையிலிருந்து மேலாள் (கடையைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட்) ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) எடுத்து ஊரில் இருக்கும் முதலாளிக்கு அனுப்புவார். எங்கள் ஐயா 1942இல் ரங்கூனிலிருந்து கால்நடையாக வந்து சேர்ந்தபோது கையில் ஒரு துணி மூட்டைதான். யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கு மட்டும் ஊரில் பெட்டகத்தில் இருந்தது. பணம் திரும்பி வரவில்லை என்பது வேறு கதை, ஆனால் கணக்கு இருந்தது.

ஜெராக்ஸ்கடை

நான் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ், ஆன்லைன் சேவை கடை வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் திருடு போவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்னாலேயே எவ்வளவு சிந்திவிட்டுப் போகிறோம் என்பதை நான் தினமும் பார்க்கிறேன்.

விசாவுக்கோ டிக்கெட்டுக்கோ வருகிறவர்கள் பாஸ்போர்ட், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாவற்றையும் கடை வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார்கள். பிரின்டுக்காக இறக்கும்போது அது கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் வந்து விழும். பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் பாஸ்போர்ட் படங்கள். சிலர் எங்கள் கம்ப்யூட்டரிலேயே ஜிமெயிலைத் திறந்துவிட்டு லாக்அவுட் செய்யாமல் போவார்கள். நான் தினமும் ஒன்பது மணிக்குக் கடை சாத்தும்போது எல்லாவற்றையும் அழித்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்கிறேன். எல்லாக் கடையிலும் செய்வார்கள் என்று என்னால் சொல்ல முடியாது.

உங்கள் ஊர்க்காரனாகச் சொல்கிறேன். பிரின்ட் எடுத்ததும் ‘அண்ணே, என் கண் முன்னால அழிங்க’ என்று கேளுங்கள். நாங்கள் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம். ஆதார் வேண்டும் என்றால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை எடுத்து வாருங்கள். நகலின் குறுக்கே எதற்காகக் கொடுக்கிறோம், என்ன தேதி என்று பேனாவால் எழுதிவிடுங்கள். கீழே கெட்டுப்போன ஜெராக்ஸ் தாள் கிடந்தால் அதையும் எடுத்துப்போங்கள். வடை மடிக்கப் போகிற தாளில் உங்கள் பான் எண் இருக்க வேண்டாம்.

ஓட்டல் ரிசப்ஷனில் போர்டிங் பாஸ் பிரின்ட் கேட்கும்போதும் இதேதான். அங்கே உங்கள் மெயிலைத் திறக்காதீர்கள், அந்த ஒரு ஃபைலை மட்டும் அவர்களுக்கு அனுப்புங்கள்.

சிராவயல்காளை

ஜெராக்ஸ்கடை அண்ணே, இப்போதுதான் உறைக்கிறது. ஆறு தடவையும் கடையில் மெயிலைத் திறந்துதான் டிக்கெட் எடுத்தேன். முதலில் நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் அக்கா.

ஒரு சந்தேகம். ஏர்போர்ட் வைஃபையில் வங்கி ஆப் திறந்தால் ஹேக் செய்துவிடுவார்கள் என்கிறார்களே, விபிஎன் (இணையத் தொடர்பை மறைத்து அனுப்பும் ஆப்) வாங்கித்தான் ஆக வேண்டுமா?

செக்காலைரோடு

பத்து வருடத்துக்கு முன்னால் இருந்த அளவு ஆபத்து இப்போது இல்லை. வங்கி, மெயில், ஜிஎஸ்டி போர்ட்டல் எல்லாம் என்கிரிப்ட் ஆகித்தான் போகின்றன. வைஃபையில் நடுவில் இருப்பவனுக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பது தெரியலாம், உள்ளே என்ன தட்டினீர்கள் என்பது தெரியாது. உண்மையான பொறி அந்த லாகின் பக்கம். விமான நிலையத்தின் பெயரிலேயே வேறு யாராவது வைஃபை வைத்து, ‘உள்ளே வர ஜிமெயில் பாஸ்வேர்டு கொடு’ என்று கேட்பார்கள். எந்த வைஃபைக்கும் உங்கள் மெயில் பாஸ்வேர்டு தேவையில்லை. ‘செர்டிஃபிகேட் சரியில்லை, தொடரவா’ என்று பிரௌசர் எச்சரித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். தாக்கல் வேலைக்கு உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டே போதும்.

விபிஎன் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் குடிமுழுகாது. இலவச விபிஎன்களைத் தொடாதீர்கள். துபாய் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அங்கே விபிஎன்னை வைத்துக் குற்றம் செய்தால் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று சட்டமே இருக்கிறது. ஊருக்கு வாட்ஸ்அப் கால் பேசத்தானே என்று விளையாட்டாக எதையும் போடாதீர்கள்.

பொது இடத்து யுஎஸ்பி சார்ஜிங் பாயின்ட் வழியாக டேட்டா திருடுவார்கள் என்று பெரிதாகப் பயப்பட வேண்டாம், சொந்த அடாப்டரை பிளக்கில் சொருகினால் முடிந்தது. பவர்பேங்கை மட்டும் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், லேப்டாப்பையும்தான். விமானம் நிறைந்துவிட்டது என்று கேட்டில் கைப்பையை வாங்கிக் கீழே போடச் சொன்னால், இரண்டையும் வெளியே எடுத்துவிட்டுத்தான் பையைக் கொடுக்க வேண்டும். ஸ்கூட், சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் 2025 ஏப்ரல் முதல் விமானத்துக்குள் பவர்பேங்கில் சார்ஜ் போடவும் தடை. வீட்டிலேயே முழு சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பள்ளத்தூர்வளவு

மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிறோம். அங்கே இமிக்ரேஷனில் போனை வாங்கிப் பார்ப்பார்களாமே, உண்மையா?

செக்காலைரோடு

பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு ஆச்சி. வருகிற எல்லோரையும் பார்ப்பதில்லை, வெகு சிலரைத்தான். மறுத்தால் வெளிநாட்டுக்காரர்களைத் திருப்பி அனுப்பவும் முடியும். நியூசிலாந்தில் பாஸ்வேர்டு தர மறுத்தால் 5,000 நியூசிலாந்து டாலர் வரை அபராதம். கேட்டால் பொறுமையாக உண்மையைச் சொல்லுங்கள். வரிசையில் நின்றுகொண்டு சாட்டுகளை அழிக்காதீர்கள், அதுதான் சந்தேகத்தைக் கிளப்பும். வங்கி, சொத்துப் பத்திரம் மாதிரியான படங்களை வீட்டிலேயே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுப் போங்கள். பேரன் பேத்தி படம் இருந்தால் யார் பார்த்தால் என்ன?

ஆத்தங்குடிக்கல்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நாளை மறுநாள் கிளம்புகிறேன்.

டோக்கன்கள் பதினொன்றும் வீட்டிலேயே இருக்கின்றன. கம்பெனி ரிட்டர்னுக்குத்தான் டோக்கன் கட்டாயம். 14ஆம் தேதி 2பி (கொள்முதல் வரி விவரப் பட்டியல்) வந்தவுடனேயே உட்கார்ந்து, இன்று அவர்கள் 3பியை முடித்துவிட்டேன். கடைக்காரர்களில் பதினாறு பேருக்கும் முடிந்தது. பாக்கி ஏழு பேர், அவர்களுக்கு ஓடிபி அவரவர் போனுக்கு வரும், என்னிடம் சொல்வார்கள். லேப்டாப்பில் அந்த ஏழு ஃபோல்டர்தான் இருக்கிறது. முப்பது பேர் இருந்த இடத்தில் ஏழு பேர். டெஸ்க்டாப்பைப் பார்க்கவே மனசு லேசாக இருக்கிறது.

எக்செல் ஷீட்டை அழித்துவிட்டேன். வெளி டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்து, அதிலிருந்து இரண்டு கணக்குகளைத் திறந்து பார்த்து சரியாக இருக்கிறதா என்று சோதித்த பிறகுதான் லேப்டாப்பிலிருந்து நீக்கினேன். மீட்புச் சாவி, பேக்கப் கோடு எல்லாம் அம்மாவின் இரும்புப் பெட்டியில்.

நேற்று ஒத்திகை பார்த்தோம். நான் மாடியில், அம்மா கீழே பட்டாலையில். போனில் கூப்பிட்டு 48 எண்களையும் வாசிக்கச் சொன்னேன். அம்மா மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து ஆரம்பித்தார். மூன்றாவது தொகுதியில் என் கையெழுத்தில் 1ஐ 7 என்று படித்துவிட்டார். மறுபடியும் பெரிய எழுத்தில், ஒரு தொகுதிக்கு ஒரு வரி என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை ஒரு தப்பும் இல்லை.

கண்டாங்கி

அருமை! ஒன்றே ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் குரலில் வேறு யாராவது கூப்பிட்டு, ‘அம்மா, பை தொலைந்துவிட்டது, அந்த எண்ணை வாசி’ என்று கேட்டால்? குரலை அப்படியே நகல் எடுக்கும் காலம் இது. வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ஒரு வார்த்தையைப் பேசி வையுங்கள். அதைச் சொல்லாமல் யார் கேட்டாலும், நீங்களே அழுதுகொண்டு கேட்டாலும், பெட்டியைத் திறக்கக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

ஆத்தங்குடிக்கல்

சொல்லிவிட்டேன். வார்த்தையை அம்மாவே தேர்ந்தெடுத்தார், சின்ன வயதில் வீட்டில் இருந்த ஒரு பசுவின் பெயர். தம்பிக்கும் எனக்கும் மட்டும்தான் அது ஞாபகம் இருக்கும். சாயங்காலம் சோதிப்பதற்காக மாடியிலிருந்து கூப்பிட்டு அவசரமாக எண்ணைக் கேட்டேன். ‘பசு பேரச் சொல்லு முதல்ல’ என்றார்.